இரண்டு எங்கே, பதின்மூன்று எங்கே?

கிள்ளானில் ஓர் ஆலை. ஒரே யந்திரத்தின் முன் இரண்டு தொழிலாளர்கள். ஒருவர் மலேசியக் குடிமகன். மற்றவர் சிவகங்கைச் சீமையிலிருந்து கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டுப் போனவர். இருவருக்கும் மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் அது. முதல் தொழிலாளியின் முதுமைக்காக முதலாளி சேமநிதியில் மாதந்தோறும் 221 வெள்ளி கட்டவேண்டும். நம் ஊர்த் தொழிலாளிக்கு எவ்வளவு? 34 வெள்ளி!

இது சட்டப்படியே நடக்கிறது. குடிமகனுக்கு முதலாளியின் பங்கு (5,000 வெள்ளிவரை சம்பளத்துக்கு) நூற்றுக்கு 13; அயல்நாட்டுத் தொழிலாளிக்கு நூற்றுக்கு 2. தொழிலாளியிடமும் 2 பிடிக்கப்படும். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இது கட்டாயம். வீட்டு வேலை செய்வோருக்கு அதுவும் இல்லை.

முன்னேற்றம்தானே என்பார்கள். ஆம், முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. 1998-க்குப் பின் சேர்ந்த அயல்நாட்டார், தாமாக விரும்பினால் மட்டுமே சேமநிதியில் சேரலாம். அப்போதும் முதலாளி கட்டியது மாதம் வெறும் 5 வெள்ளி. ஐந்து முப்பத்து நான்காகியிருக்கிறது. ஆனால் 187 வெள்ளி இன்னும் முதலாளியின் பையிலேயே தங்குகிறது. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அது 6,732 வெள்ளி. ஒரு குடியானவன் தன் நிலத்தை அடமானத்திலிருந்து மீட்கப் போதுமான பணம்!

"அவன் ஊருக்குத் திரும்பிவிடுவான், அவனுக்கு எதற்கு ஓய்வுக்காலச் சேமிப்பு?" என்கிறது முதலாளி வர்க்கம். ஊருக்குத் திரும்பினால் முதுமை வராதோ? சேமநிதி முதலாளி போடும் பிச்சையல்ல. தொழிலாளி இன்று உழைத்துச் சம்பாதித்து, நாளைக்கென்று நிறுத்தி வைத்த கூலி. உழைப்பு ஒன்றானால் நிறுத்தி வைக்கும் கூலியும் ஒன்றாக வேண்டும்.

மலேசியத் தொழிலாளியும் இதைக் கவனிக்கவேண்டும். அயலானை வைத்தால் மாதம் 187 வெள்ளி மிச்சம் என்றால், அடுத்த காலியிடத்துக்கு முதலாளி யாரைத் தேடுவான்? சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரையும் ஒரே சம்மேளனத்தில் திரட்டியவர் தஞ்சை மண்ணில் பிறந்த தோழர் எஸ். ஏ. கணபதி. 1949 மே 4-இல் வெள்ளை ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1951-இல், அதே ஆட்சி சேமநிதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

சிங்கப்பூரின் கணக்கு வேறு. அங்கே வொர்க் பெர்மிட்டில் இருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கு மத்திய சேமநிதி கிடையாது. முதலாளி அவருக்காக லெவி கட்டுகிறார். அது சர்க்கார் கஜானாவுக்குப் போகிறது. தொழிலாளியின் பெயரில் ஒரு காசு ஏறாது.

ஆகவே, மலேசியா போகும் தோழர்களே! ஏஜெண்ட் சொல்லும் சம்பளத்தை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலாளி யார், சேமநிதியில் உங்கள் பெயர் எப்போது பதிவாகும், அவர் பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் கட்டக்கூடாதென்று சட்டம் தடுக்கவில்லை. பத்துப் பேராகச் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். முதலாளியின் பங்கை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சட்டவிரோதம். சம்பளச் சீட்டை மாதாமாதம் பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்து நாடு திரும்பும்போது பணம் முழுவதையும் எடுக்க உரிமை உண்டு. விமானம் ஏறுவதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

தொழிலாளர்களை அனுப்புவது பற்றி 2024 ஆகஸ்டில் டெல்லியும் கோலாலம்பூரும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆள் அனுப்ப ஒப்பந்தம் போட முடிந்த மத்திய சர்க்கார், 13 சதவிகிதத்தையும் கேட்டு வாங்கட்டும். அதற்கான தீர்மானத்தை ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றி அனுப்பவேண்டும்.