டிராகனும் அப்பத்தாவும்

காதில் வயரை மாட்டிக்கொண்டு, அறைக் கதவையும் சாத்திக்கொள்கிற பிள்ளை உங்கள் வீட்டிலும் உண்டா? அப்படியானால் இதைக் கொஞ்சம் கேளுங்கள், சகோதரிகளே.

சென்ற வருஷம் என் மாமியார் காலமானார். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் சின்னவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்து வந்ததிலிருந்து ஒரே இங்கிலீஷ் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டான். 'பஃப், தி மேஜிக் டிராகன்' என்று பெயராம்.

"ஐயையோ, அது கஞ்சாப் பாட்டுன்னு சொல்லுவாங்களே!" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வயிற்றில் புளியைக் கரைத்தது எனக்கு. அன்று ராத்திரியே வயரைப் பிடுங்கப் போனேன்.

"ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் திட்டும்மா" என்றான். நான் ஹைஸ்கூலோடு நின்றவள். அவன்தான் அர்த்தம் சொன்னான். ஒரு சின்னப் பையனும் டிராகனும் சிநேகிதர்கள். சேர்ந்து கப்பலில் சுற்றுவார்கள். பையன் வளர்கிறான். ஒரு நாள் வராமலே நின்றுவிடுகிறான். டிராகன் துக்கம் தாங்காமல் குகைக்குள் போய்விடுகிறது.

1959-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த லெனார்ட் லிப்டன் என்ற 19 வயதுப் பையன் எழுதிய கவிதை. நண்பர் ஒருவர் அதைப் பாட்டாக்க, 1963-ல் 'பீட்டர், பால் அண்ட் மேரி' குழு பாடி இசைத்தட்டாக வந்தது. 'பஃப்' என்றால் புகை இழுப்பது, பையன் பெயரிலுள்ள 'பேப்பர்' கஞ்சா சுருட்டும் தாள் என்று சீக்கிரமே புரளி கிளம்பியது. குழந்தைப் பருவம் கைவிட்டுப் போகிற சோகம்தான் அது, வேறொன்றுமில்லை என்று எழுதியவரும் மெட்டமைத்தவரும் மறுத்தே வந்தார்கள்.

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "ரெண்டு லீவுக்கும் டியூஷன்னு ஊருக்கே போகலை. அப்பத்தா வாசல்லயே உட்கார்ந்திருந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு என் மடியில் விழுந்து அழுதான். டியூஷனில் சேர்த்ததே நான்தான். என்ன பதில் சொல்வேன்?

துக்கத்துக்குப் பயந்து பாட்டுக்குள் ஒளிகிறான் என்றல்லவா நினைத்தேன்! எங்களிடம் சொல்ல முடியாததை அந்த டிராகனிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

பிள்ளை வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் முடங்கினால் டாக்டரிடம் அழைத்துப் போகத்தான் வேண்டும். மற்றபடி, பாட்டை நிறுத்துமுன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு முறை கேளுங்கள்.

அடுத்த லீவில் டியூஷனுக்குப் பதினைந்து நாள் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் அம்மா ஊரில் தனியாகத்தான் இருக்கிறார்கள். அவனே பை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினான்.