எச்சில் பரிசோதனையும் நமது வம்சப் பெருமையும்

சில வாரங்களுக்கு முன் ஆழ்வார்குறிச்சியில் ஒரு வீட்டில் சம்பந்தப் பேச்சு. வளைகுடாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, எச்சிலை அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்திருந்தார். "ஹஜ்ரத், எங்க மூத்தவங்க அரபு நாட்டிலிருந்து வந்தவங்கன்னுதான் வீட்டில் சொல்வாங்க. இதில் ஒரு சதவீதம்கூட இல்லையே?" என்றார். பெண் வீட்டார் முகத்திலும் அதே கேள்வி.

இந்தப் பரிசோதனை நம் குடும்பங்களுக்குள் வந்துவிட்ட நிலையில், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என அறிவது அவசியம்.

மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் ஒரு ஜோடி போக, மீதி 22 ஜோடிகளை வைத்தே இந்தச் சதவீதக் கணக்கு பெரும்பாலும் போடப்படுகிறது. இவற்றில் பாதி வாப்பாவிடமிருந்தும் பாதி உம்மாவிடமிருந்தும் வருகின்றன. தலைமுறைதோறும் ஒரு முன்னோரின் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறையும். பத்துத் தலைமுறைக்கு முன் நம் வம்சத்தில் 1,024 இடங்கள். அங்கிருந்தோரில் பலருடைய மரபணுத் துணுக்கு ஒன்றுகூட நம்மிடம் இருக்காது. 500 ஆண்டுகளுக்கு முன் காயலில் கரையிறங்கிய ஒரு வணிகர் உண்மையிலேயே நம் முன்னோராக இருந்தாலும் அறிக்கையில் தெரியாமல் போகலாம். தவிர, இன்று வாழும் மக்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டே நிறுவனங்கள் மதிப்பிடுகின்றன. மாதிரிகள் மாறினால் சதவீதமும் மாறும்.

ஆறு இந்திய முஸ்லிம் சமூகங்களின் இதே 22 ஜோடிகளில் 13 இடங்களை ஆராய்ந்து, 2009இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தமிழ்நாட்டு, குஜராத் தாவூதி போராக்களிடம் ஈரானியப் பங்கு கணிசமாகத் தெரிந்தது. ஆனால் மொத்தத்தில், இஸ்லாம் இங்கே பரவியது பெரும்பாலும் மக்கள் மார்க்கத்தை ஏற்றதால்தான், மேற்காசியாவிலிருந்து வந்த இரத்தக் கலப்பு சிறிதே என்பதுதான் அதன் முடிவு.

நம்மை 'வந்தேறிகள்' என்போருக்கு இது பதில். அரபு வம்சம் என்று சொல்லி மற்ற முஸ்லிம் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவோருக்கும் இதுவே பதில். பக்கத்திலுள்ள பொட்டல்புதூர் தர்காவைப் பாருங்கள். கோயில் பாணிக் கட்டடத்தில் முஹ்யித்தீன் ஆண்டவர் பெயர் விளங்குகிறது. இந்த மண்ணின் மக்களாக இருப்பதில் நமக்கு என்ன குறை?

இறையச்சமே மேன்மைக்கு அளவுகோல் என்கிறது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம். அரபியருக்கு மற்றவரைவிட வம்சத்தால் உயர்வில்லை என்று நபி (ஸல்) அவர்களும் போதித்தார்கள்.

அந்த இளைஞரிடம் சொன்னேன்: "கைப்பேசியை உள்ளே வையுங்க தம்பி, மஹரைப் பேசுவோம்."