"நாங்களே நிண்டு கட்டுவம்" என்றால், ஆர் நிக்கிறது?

போன மாதம் எங்கட வீட்டில ஒரு கதை தொடங்கியது. பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு குசினியும் இழுத்துக் கட்ட வேணும். "கொந்தராத்துக்குக் குடுத்தா அந்தாளின்ர லாபமும் சேந்து போகும். சாமானை எடுத்து, மேசனைப் பிடிச்சு, நாங்களே நிண்டு கட்டுவம்" என்று அண்ணா கட்டாரில இருந்து சொன்னார். எல்லாரும் ஓம் என்றோம்.

பிறகுதான் யோசித்தோம். அண்ணா கட்டாரில். நாங்கள் இரண்டு பேரும் கம்பஸில். அப்ப அந்த 'நாங்கள்' ஆர்? அம்மா.

வன்னியில இது புதுக்கதை இல்லை. இந்திய வீட்டுத்திட்டத்தின் முதல் 1,000 வீடுகளைக் கொந்தராத்துக்காரர்கள்தான் கட்டினார்கள். 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபா, கட்டம் கட்டமாக வங்கிக்கு வரும். வீட்டுக்காரரே நின்று கட்ட வேணும். எங்கட வீடும் அப்படித்தான் 2013இல் எழும்பியது. அப்பா இல்லை. அண்ணாவுக்குப் பதினைந்து வயது. அம்மா அதுவரைக்கும் ஒரு கோழிக்கூடு கூடக் கட்டியதில்லை.

அம்மா செய்த வேலையை இப்ப எழுதிப் பார்த்தால் நீளமாகப் போகிறது. மண் ஏற்றிவரும் பெட்டியின் நீளம், அகலம், மண் நிற்கிற உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 100ஆல் பிரித்தால்தான் எத்தனை கியூப் என்று தெரியும். முதல் லோட்டில் ஏமாந்த பிறகு அம்மா அளவு நாடாவோடதான் கேற்றடியில நிற்பா. கொங்கிறீற்றுக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு: ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சல்லி. வாளியை எண்ண ஆள் இல்லாவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். கொங்கிறீற்றுப் போட்ட பிறகு ஆகக் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணி விட வேணும். கிணத்திலிருந்து அள்ளி ஊத்தியது அம்மாவும் நாங்களும்தான். மழை இருட்டினால் ராத்திரியில் எழும்பிச் சீமெந்துப் பைகளைத் தறப்பாளால் மூட வேணும். வேலை நடந்த நாளெல்லாம் இரண்டு நேரம் தேத்தண்ணி. அடுத்த கட்டக் காசு வரும் வரைக்கும் ஹாட்வெயார் கடையில் கடன். அந்தக் கடனுக்கு அம்மாவின் சங்கிலி அடைவுக்குப் போனது. அது திரும்பி வரவே இல்லை.

வீடு முடிந்தபோது எல்லாரும் "ஐந்தரை லட்சத்தில வீடு கட்டியாச்சு" என்றார்கள். அம்மாவின் அந்த மாதங்களையும் சங்கிலியையும் ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை. நாங்களும்தான்.

சொந்தமாகக் கட்டுவது பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 65,000 இரும்பு வீடுகளைப் பொருத்தித் தரப்போகிறோம் என்று அரசாங்கம் வந்தபோது, எங்கட பக்கத்திலிருந்து வேண்டாம் என்று எதிர்ப்பு எழுந்தது. அது சரியான எதிர்ப்பு என்றுதான் இப்பவும் நினைக்கிறோம். எங்கட வெக்கைக்கு எது சரிவரும், குசினி எந்தப் பக்கம் இருக்க வேணும், பிறகு ஒரு அறை எங்கால இழுக்கலாம் என்பது இருக்கப்போகிறவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த உரிமையைப் பற்றிக் கதைக்கிற நாங்கள், அதுக்குப் பின்னால் வெயிலில் நின்ற ஆளைப் பற்றிக் கதைக்கவில்லை. கொந்தராத்துக்காரரின் லாபம் என்று நாங்கள் மிச்சம் பிடிக்கிற காசில் பெரும்பங்கு ஆரோ ஒருவரின் கூலி. அந்த ஒருவர் அனேகமான வீடுகளில் அம்மா.

அதனால் இந்தமுறை கொஞ்சம் வேறுமாதிரிச் செய்யப் பார்க்கிறோம். முதலில் படமும் மதிப்பீடும், பிரதேச சபை அனுமதியும். அதுக்குப் பிறகுதான் அத்திவாரம். சாமான் எங்கட பொறுப்பு, கூலி மட்டும் மேசனோடு பேச்சு. எந்த வேலை முடிந்தால் எவ்வளவு என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து. நல்ல மேசன்மார் இதுக்குக் கோவிப்பதில்லை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை விலையேற்றத்துக்கென்று ஒதுக்கி வைப்பது. 2021 தொடக்கத்தில் 1,000 ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை 2022இல் 3,000ஐ அண்டியபோது, எத்தனை வீடுகள் லின்டல் மட்டத்தோடு நின்றன என்று எங்கட ஒழுங்கையில் நடந்தாலே தெரியும்.

கடைசியாக மதிப்பீட்டில் ஒரு வரி கூட்டினோம்: 'நிண்டு பாக்கிறவருக்கு', மேசனின் நாட்கூலிக்குச் சமமாக. அண்ணா சிரித்தார். அம்மாவும் "எனக்கென்னத்துக்குப் பிள்ளை காசு" என்றா. அடுத்த நாள் காலமை அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த ஜன்னலை மற்றப் பக்கம் வைச்சாத்தான் குசினிக்கை புகை நிக்காது" என்றா. ஜன்னல் மாறிவிட்டது.

அந்த வரியையும் சேர்த்துக் கூட்டின பிறகும் கொந்தராத்தை விட மலிவு என்றால், நாங்களே நின்று கட்டுவோம். சனி, ஞாயிறில் நாங்கள் வந்து நிற்போம். இல்லையென்றால் கொந்தராத்துக்காரருக்கே குடுப்பம். அவரின் லாபமும் ஒரு வேலைக்கான கூலிதான்.