கொப்பரையும் ஓரெழுத்தும்

பெய்சிங்கிலுள்ள சீன நாட்டு அருங்காட்சியகத்தில் நான்கு கால்களையுடைய வெண்கலக் கொப்பரையொன்று உள்ளது. எடை 832 கிலோவுக்கு மேல். உயரம் 133 செ.மீ. மூவாயிரம் ஆண்டுகட்கு முன்னர்ச் சாங்கு மன்னர் காலத்தில் வார்க்கப்பெற்றது. 1939-இல் ஆன்யாங்கு ஊர்ப்புறத்தார் அதனை அகழ்ந்தெடுத்தனர். படையெடுத்து வந்த சப்பானியர் கையில் அகப்படாவண்ணம் மீண்டும் மண்ணுள் மறைத்தனர். 1946-இல்தான் அது மறுபடியும் வெளிப்போந்தது.

காண்போர் அதன் பருமையைக் கண்டு வியக்கின்றனர். சீன அறிஞரோ அதன் உட்சுவரிலுள்ள மூன்றே எழுத்துகளைக் கண்டு வியந்தனர், பின்னர்ப் பூசலுமிட்டனர். முதலெழுத்தைக் குவோ மோருவோ என்னும் பேரறிஞர் 'சி' எனப் படித்துப் 'படையல்' எனப் பொருள் கொண்டார். பள்ளி நூல்களிலும் அதுவே பதிந்தது. ஆயின், பண்டைச் சீன எழுத்து இடமாகவும் வலமாகவும் திரும்பி நிற்கும். அவ்வெழுத்தைத் திருப்பிப் படித்தால் 'அரசி' என்றாகும். 1976-இல் பூ ஃகாவோ என்னும் அரசியின் கல்லறையிற் கிடைத்த கலங்களிலும் இவ்வெழுத்தே இருந்தமை இக்கருத்துக்கு வலிவூட்டிற்று. 2011-இல் அருங்காட்சியகம் பெயர்ப்பலகையை மாற்றியது. நாடெங்கும் வழக்காடல் எழுந்தது. 'ஓரெழுத்துக்கா இத்தனை ஆரவாரம்?' என்று நகைப்பார் நம்மிடையே இருப்பர். நகைக்கட்டும். இரு சாராருள் ஒருவரேனும் 'செத்த எழுத்து, எப்படியிருந்தால் என்ன?' என்றாரில்லை.

அவர்களும் எந்நாளும் இவ்விழிப்புடன் இருந்தாரல்லர். குறி கேட்டு எழுத்துப் பொறித்த பழைய எலும்புகளை 'அரவெலும்பு' என இடித்து மருந்தாக உண்ட மக்களே அவர்கள். 1899-இல் வாங்கு யீரோங்கு என்னும் அறிஞர் அவை எழுத்துகள் எனக் கண்டார். அதற்குள் எத்துணைச் சொற்கள் கசாயத்திற் கரைந்தனவோ! இழந்ததை உணர்ந்த பின்னரே அவர்க்குக் காக்கும் வெறி பிறந்தது. ஆன்யாங்கிலுள்ள சீன எழுத்து அருங்காட்சியகம், படிக்கப்படாத எலும்பெழுத்து ஒன்றனைச் சான்றுடன் படித்துக் காட்டுவார்க்கு ஓரிலக்கம் யுவான் பரிசென 2016-இல் அறிவித்தது.

அச்சீனர் எழுத்தோடு தமிழெழுத்தும் ஒருங்கே நிற்கும் கல்லொன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. மிங்குப் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஃகோ 1409-ஆம் ஆண்டு நாளிட்டு ஈழத்திற்குக் கொணர்ந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியும் அதிற் பொறிக்கப்பட்டுள. ஈழத்துக் கடவுட்குப் படைத்த காணிக்கையைச் சொல்லச் சீனப் பேரரசன் தமிழைத் தேர்ந்தான். அக்கல்லோ காலியில் நீர்க்கால் மூடியாகக் குப்புறக் கிடந்து 1911-இற் கண்டெடுக்கப்பட்டது. அதன் தமிழ்ப் பகுதியைத் தன் கண்ணாற் படிக்கவல்ல தமிழ் மாணவர் எத்தனை பேர்? அதற்கு வேண்டிய பழைய எழுத்தைக் கற்பிக்கும் பள்ளிகள்தாம் எத்தனை?