ஒருவனின் குற்றம் மட்டுமல்ல

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையொன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். தனியொருவனின் வக்கிரம் என்று இதை முடித்துவிட முடியாது. பாலியல் சீண்டலும் வசைச்சொல்லும் அங்கே வழக்கமாகவே இருந்ததாக மற்றப் பெண்களும் சொன்னார்கள். மேலே இருப்பவர் கண்டுகொள்ளாமல் விட்டால், கீழே இருப்பவருக்கு அதுவே அனுமதி.

தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது தடை செய்தது. தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. அந்த ஆலைக்குள் அதற்கு உயிர் கொடுத்தது சங்கம்தான்.

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளிலும் நம் பெண்கள் உழைக்கிறார்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடச் சிறிய பட்டறை என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் கொடுக்கலாம். பலர் முன்னிலையில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

படிக்கிற பிள்ளைகளே, உங்கள் அம்மாவும் அக்காவும் போகும் பட்டறையில் குழு இருக்கிறதா, அதன் விவரம் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மனு எழுதுங்கள். நாம் கேட்காதவரை எந்தப் பட்டறையும் தானாகத் திருந்தாது.