லாபிஸ் வரைக்கும் வருவார்களா?

போன வாரம் லாபிஸில் அம்மாவின் கைப்பேசி விழுந்து திரை நொறுங்கிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டுச் சிறு நிறுவனத்தின் தயாரிப்பு. பட்டணத்தில் பழுது பார்க்கும் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இதுக்கு ஸ்கிரீன் வராதுக்கா. கம்பெனிக்காரங்க மலேசியாவ விட்டே போயிட்டாங்க" என்றார்.

கைப்பேசி போனால் போகட்டும். மறைந்த அப்பா அனுப்பிய குரல் பதிவுகள் அதற்குள்தான் இருக்கின்றன.

'புதிய நாட்டில் கால் பதிக்கிறது' என்ற செய்தியை வானொலியில் எத்தனையோ முறை உற்சாகமாகச் சொல்லியிருக்கிறேன். சிறிய கைப்பேசி நிறுவனம் கடல் தாண்டத்தான் வேண்டுமா என்று அன்றுதான் யோசித்தேன்.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நம்மைப் போல 3 கோடிச் சொச்சம் பேர் உள்ள நாட்டை மட்டும் நம்பி ஒரு கைப்பேசி நிறுவனம் வளர்வது சிரமம்.

ஆனால் இந்தியாவின் மைக்ரோமேக்ஸ் கதையைப் பாருங்கள். 2008இல் கைப்பேசி விற்பனைக்கு வந்து, ஒருமுறை சார்ஜ் செய்தால் நாள்கணக்கில் தாங்கும் மலிவான பேசிகளால் பெயர் வாங்கியது. 2014 ஜனவரியில் ரஷ்யாவுக்குப் போனது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில், கனாலிஸ் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தியாவில் சாம்சங்கையே முந்தியது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் சியாவ்மி இந்தியாவுக்குள் வந்துவிட்டது. 2016இல் ஜியோ வந்ததும் ஊரே 4ஜிக்கு மாறியது. மைக்ரோமேக்ஸ் சரிந்தது.

ரஷ்யாவுக்குப் போனதால்தான் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. அதன் பேசிகளில் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் செய்து வாங்கியவை. அதே சரக்கைச் சீன நிறுவனங்களே நேராகக் கொண்டுவந்து விற்றபோது, விலையைத் தவிர சொந்தமாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. விலையை யாரும் குறைக்கலாம்.

சியாவ்மியும் சறுக்கியிருக்கிறது. 2014இல் சிங்கப்பூர், மலேசியா என்று பக்கத்து நாடுகளுக்கு வந்தவர்கள், 2015இல் பிரேசிலுக்குப் போய் மறு ஆண்டே பின்வாங்கினார்கள். 2019இல்தான் அங்கே திரும்பினார்கள். பெரிய நிறுவனம், தாங்கியது. சிறிய நிறுவனத்துக்கு அப்படி ஓர் அடி போதும்.

ஆகவே, போகட்டும். ஆனால் ஒரே சமயத்தில் ஐந்து நாடு வேண்டாம், ஒரு நாடு போதும். சிரிம் சான்றிதழுக்கும் விளம்பரத்துக்கும் ஒதுக்குவதைப் போல, திரைக்கும் பேட்டரிக்கும் சில வருடத்துக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கி வைக்கட்டும். கோலாலம்பூரில் விழா எடுப்பது சுலபம். லாபிஸ் கடைக்கு ஒரு திரை வந்து சேருமா என்பதுதான் பரீட்சை.

வாங்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. பணம் கட்டும் முன், உங்கள் ஊர்ப் பழுதுக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியில் அந்தத் தம்பி, மேசை டிராயரில் கிடந்த செத்துப்போன அதே மாடலின் திரையைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் அப்பாவின் குரலைத்தான் போட்டார். "மீன் வாங்கிட்டேன், அரிசி இருக்கா?"

அன்றிரவே எல்லாப் பதிவுகளையும் வேறோர் இடத்தில் சேமித்துவிட்டேன்.