காட்டிக்கொடுப்பவனின் முகம்

'ஹேங்மென் ஆல்சோ டை' என்னும் படத்தைப் பரப்புரை என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவோர் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பா நாஜிகளின் காலடியில் கிடந்த 1943இல், செருமனியை விட்டு வெளியேறிய ஃப்ரிட்ஸ் லாங் இயக்கி, அவரைப் போலவே நாடிழந்த பெர்டோல்ட் பிரெக்ட் கதையாக்கத்தில் பங்கேற்ற படத்தில் நடுநிலையைத் தேடுவது பேதைமை. என் வழக்கு, அதனை வரலாறு என்று மாணவருக்குக் காட்டி அமையும் ஆசிரியர்களோடுதான்.

படத்தில், பிராக் நகரை அடக்கியாண்ட ஹைட்ரிக்கைச் சுட்டவர் ஒரு மருத்துவர். அவரைப் பிடிக்கும்வரை கெஸ்டாப்போ பிணையாளர்களைக் கொன்று குவிக்கிறது. நகர மக்கள் ஒன்றுகூடி, சாக்கா என்ற மதுவாலை முதலாளியின் தலையில் பழியைச் சுமத்துகின்றனர். அவன் ஒற்றன். செருமானிய மொழி அறியாதவன்போல் நடித்தவன், அம்மொழியில் சொல்லப்பட்ட நகைச்சுவைக்குச் சிரித்து அகப்பட்டுக்கொள்கிறான். எத்துணை எளிது! துரோகி பருத்த உடலும் பண ஆசையும் உடையவன்; ஏனையோர் அனைவரும் உத்தமர்.

நடந்தது என்ன? 1942 மே 27இல் ஹைட்ரிக்கைத் தாக்கியவர்கள், பிரிட்டனிலிருந்து வான்குடையில் வந்திறங்கிய காப்சிக், குபிஷ் என்னும் வீரர்கள். அவன் ஜூன் 4இல் மடிந்தான். ஜூன் 10இல் லிடிட்சே என்னும் சிற்றூரில் 173 ஆடவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெண்கள் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். குழந்தைகளுள் பெரும்பாலோர் பின்னர் கொல்லப்பட்டனர். அதன்பின், தன் தாயின் வீட்டில் ஒளிந்திருந்த காரெல் சுர்டா, ஜூன் 16இல் தானாகவே கெஸ்டாப்போவிடம் சென்றான். அடைக்கலம் தந்த இல்லங்களை அடையாளம் காட்டினான். இரண்டே நாளில், தேவாலயத்தில் ஒளிந்திருந்த தோழர்கள் முற்றுகையிடப்பட்டு மாண்டனர்.

இந்தச் சுர்டா யார்? மதுவாலை முதலாளியா? இல்லை. அவனும் பிரிட்டனில் பயிற்சி பெற்றவன். நாட்டை மீட்க விமானத்திலிருந்து குதித்தவன். (குதிப்பதற்கே எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!) அத்தகையவனும் உடைந்தான் என்பதை எந்தச் சாக்காவைக் கொண்டு விளக்குவது?

லாங்கும் பிரெக்டும் கலிபோர்னியாவில் இருந்துகொண்டு இதனை அறிந்திருக்க வழியில்லை. அவர்களைக் குறை கூறேன். நாம் அறிவோம். அறிந்தும் படத்தோடு நிறுத்திக்கொண்டால், துரோகியை முகத்தைக் கண்டே இனம் பிரித்துவிடலாம் என்றெண்ணும் பிள்ளைகளையே வெளியே அனுப்புகிறோம்.

படத்தின் இறுதியில், 'முடிவு' என்ற சொல்லுக்கு முன்னே 'அன்று' என்று மறுக்கும் சொல்லொன்று திரையில் தோன்றுகிறது. ஆசிரியப் பெருமக்களே, அது மறைந்ததும் விளக்கைப் போடுங்கள். 1947இல் தூக்கிலிடப்பட்ட அந்தச் சுர்டாவின் பெயரைப் பலகையில் எழுதுங்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.